துருக்கிய மொழிகளில் ஆய்வு: எந்த மொழியில் தொடங்குவது?

மொழியியல் படிக்கும் தமிழ் மாணவருக்குத் துருக்கிய மொழிகள் மீது ஆசை வர ஒரே ஒரு சொல் போதும். துருக்கி மொழியில் 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள். 'எவ்லெரிமிஃஸ்' நம் வீடுகள். 'எவ்லெரிமிஃஸ்தென்' நம் வீடுகளிலிருந்து. பகுதி, விகுதி, உருபு என்று பள்ளியிலேயே பிரித்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரிவதில்லை. வினை கடைசியில் வருகிறது, பெயரடை பெயருக்கு முன்னால் நிற்கிறது, 'அவன் சொன்ன கதை' என்பதைப் போலவே எச்சத்தொடரும் பெயருக்கு முன்னால் அமைகிறது.

ஆசை வந்த பிறகுதான் குழப்பம். இந்தக் குடும்பத்தில் சுமார் 35 முதல் 40 மொழிகள் உள்ளன. பால்கன் பகுதியில் தொடங்கி மத்திய ஆசியா வழியாக வடகிழக்குச் சைபீரியா வரை பரவிக் கிடக்கின்றன. "எல்லாரும் துருக்கி மொழியைத்தான் எடுக்கிறார்கள், நானும் அதையே எடுக்கட்டுமா, இல்லை யாரும் தொடாத ஒன்றை எடுக்கட்டுமா?" என்று ஆய்வுத் தலைப்பு தேடும் காலத்தில் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. துருக்கி நாட்டின் மொழியைத் 'துருக்கி மொழி' என்றும், முழுக் குடும்பத்தைத் 'துருக்கியம்' என்றும் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் காட்ட முடியும். 'ஃஸ்' என்று வரும் இடத்தில் அதிர்வுள்ள ஸகரம் என்று கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் உங்கள் கேள்வி. வாக்கிய அமைப்பா, ஒலி வரலாறா, மொழிகள் கலந்த விதமா, கணினி மொழியியலா? கேள்வி இல்லாமல் மொழியைத் தேர்ந்தால் இரண்டு ஆண்டு மொழி கற்பதிலேயே போய்விடும்.

இரண்டாவது, நான் வாசல் மொழி என்று சொல்வது. துருக்கி மொழியை விட்டால், ஒரு துருக்கிய மொழியைப் பற்றிய ஆய்வு நூல்கள் அந்த மொழியிலேயோ ஆங்கிலத்திலேயோ இருப்பது அரிது. ரஷ்யன், ஜெர்மன், பாரசீகம் இவற்றில் ஒன்றைக் கற்காமல் உள்ளே போக முடியாது. தலைப்பு பதிவு செய்யும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில் மற்ற எல்லா அளவுகோலையும் விட இதற்குத்தான் எடை அதிகம். மொழியைத் தேர்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் தேர்வது அடுத்த பத்து ஆண்டுக்கான படிப்பு மொழியை.

மூன்றாவது, வீட்டில் மேசையில் உட்கார்ந்தபடி எவ்வளவு தரவு கிடைக்கும் என்பது. நான்காவது, களத்துக்குப் போக முடியுமா, போனால் தகவல் தருபவருக்குத் தீங்கு வராமல் திரும்ப முடியுமா என்பது. ஐந்தாவது, தமிழ் உங்களுக்குத் தரும் கைம்முதல். ஜெர்மானியரோ அமெரிக்கரோ பாடுபட்டுக் கற்கும் ஒன்று நமக்கு இயல்பாகவே கைவந்திருக்கும். அது எந்த மொழியில் அதிகம் பயன்படும் என்று பார்க்க வேண்டும்.

| மொழி | வாசல் மொழி | மேசைத் தரவு | களம் | பொருந்தும் கேள்வி |
|---|---|---|---|---|
| துருக்கி மொழி | ஆங்கிலமே போதும் | மிக அதிகம் | எளிது | தொடரியல், குழந்தை மொழி, கணினி |
| உஸ்பெக், கசாக் | ரஷ்யன் | நடுத்தரம் | எளிது | துணைவினை, மொழித்தொடர்பு |
| சகதாய் | பாரசீகம் | சுவடிகள், பதிப்புகள் | நூலகமே களம் | இலக்கண வரலாறு, பதிப்பு |
| பழந்துருக்கியம் | ஜெர்மன் | அளவோடு நின்றுவிட்டது | இல்லை | மீட்டுருவாக்கம், மொழிபெயர்ப்பு மரபு |
| சுவாஷ் | ரஷ்யன் | குறைவு | கடினம் | ஒலி வரலாறு, கடன்சொல் |
| சகா | ரஷ்யன், கொஞ்சம் ஜெர்மன் | குறைவு | மிகக் கடினம் | நெடில் வரலாறு, மொழித்தொடர்பு |

## துருக்கி மொழி

சுமார் 8 கோடிப் பேர் பேசும் மொழி. ஆங்கிலத்தில் முழுமையான இலக்கணங்கள் உண்டு. துருக்கி தேசியத் தரவகத்தில் சுமார் 5 கோடிச் சொற்கள் தேடலுக்குத் தயாராக உள்ளன. கெமால் ஒஃப்லாசர் 1994 இல் வெளியிட்ட உருபன் (சொல்லின் பொருள் தரும் மிகச் சிறிய கூறு) பகுப்பாய்வு முறைக்குப் பிறகு, விகுதிகள் வரிசையாக ஒட்டும் ஒட்டுநிலை மொழிகளைக் கணினியில் கையாள்வதற்குத் துருக்கி மொழியே முன்மாதிரி ஆகிவிட்டது. தமிழுக்கு உருபன் பகுப்பி எழுத நினைப்பவர் இதை ஒருமுறையாவது படித்தாக வேண்டும்.

இலக்கணத்தில் ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். துருக்கி மொழியில் இறந்தகாலம் இரண்டு. 'கெல்தி' என்றால் வந்தார், பேசுபவருக்கு நேரடியாகத் தெரியும். 'கெல்மிஷ்' என்றாலும் வந்தார்தான், ஆனால் பேசுபவர் பார்க்கவில்லை. நாம் வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு "அப்பா வந்திருக்கார்" என்போம். தங்கை சொன்னதை வைத்து "அப்பா வந்தாராம்" என்போம். தமிழ் இரண்டு வடிவங்களாகப் பிரித்து வைத்திருக்கும் ஊகத்தையும் கேள்விச் செய்தியையும் துருக்கி மொழி 'மிஷ்' என்ற ஒரே விகுதிக்குள் அடக்கிவிடுகிறது. டான் ஸ்லோபினும் அய்ஹான் அக்சுவும் 1982 இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, சான்றுநிலை (செய்தி எப்படித் தெரியவந்தது என்பதை இலக்கணம் காட்டும் விதம்) என்ற துறைக்கே அடித்தளங்களில் ஒன்று. குழந்தைகள் முதலில் 'தி' விகுதியையும் பிறகே 'மிஷ்' விகுதியையும் கைக்கொள்கிறார்கள் என்று அக்சு பின்னர் விரிவாகக் காட்டினார். தமிழ்க் குழந்தை '-ஆம்' சொல்லத் தொடங்குவது எப்போது, 'இருக்கு' கட்டுமானத்தை ஊகத்துக்குப் பயன்படுத்தத் தொடங்குவது எப்போது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நல்ல ஆய்வேடு ஒன்று கிடைக்கும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஒன்று, நெரிசல். தொடரியலில் துருக்கி மொழியின் ஏறக்குறைய எல்லா மூலைகளிலும் யாராவது நின்று வேலை செய்திருக்கிறார்கள். புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் கோட்பாட்டில் மிக வலுவாக இருக்க வேண்டும். இரண்டு, இலத்தீன் எழுத்துக்கு மாறிய 1928 எழுத்துச் சீர்திருத்தம். அதற்கு முந்தைய நூல்கள் அரபு எழுத்தில், அரபு–பாரசீகச் சொற்கள் நிறைந்த உஸ்மானிய மொழியில் உள்ளன. 1932 இல் தொடங்கிய துருக்கி மொழிக் கழகம் அந்தச் சொற்களை நீக்கிப் புதியவற்றை ஆக்கியது. நம் தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தவருக்கு இது புரியும். ஆனால் ஒப்பீட்டு வரலாறு எழுதுபவருக்கு இது கண்ணி. பள்ளியைக் குறிக்கும் 'ஒகுல்' என்ற சொல் 'படி' எனப் பொருள்படும் பழைய வேரிலிருந்து பிறந்த பழஞ்சொல் போலவே தோன்றும். அது 1930களில் பிரெஞ்சுச் சொல்லின் ஓசையைப் பார்த்து ஆக்கப்பட்டது.

மூன்றாவது சிறியது, ஆனால் வாரக்கணக்கில் நேரத்தைத் தின்னும். துருக்கியின் இலத்தீன் எழுத்தில் புள்ளியுள்ள i, புள்ளியில்லாத ı என இரண்டு உண்டு. அவை வெவ்வேறு உயிரொலிகள். சாதாரண மென்பொருள் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக மாற்றும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சொல்லெண்ணிக்கை முழுவதும் பிழையாகும். தரவு திரட்டும் முதல் நாளே மொழி அமைப்பைத் துருக்கிக்கு மாற்றிவிடுங்கள்.

உதவித்தொகை வேண்டும், ஆய்வேடு இரண்டு மூன்று ஆண்டில் முடிய வேண்டும், புதிதாக வேறொரு படிப்பு மொழி கற்க நேரமில்லை என்றால் இதையே எடுங்கள். துருக்கி அரசின் உதவித்தொகையில் ஓராண்டு மொழிப் பயிற்சியும் சேர்ந்தே வரும். டெல்லி ஜாமியா மில்லியாவில் துருக்கி மொழி கற்பிக்கிறார்கள்.

## உஸ்பெக், கசாக்

தமிழ் ஆய்வாளர் ஒருவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான். காரணம் வினை.

உஸ்பெக்கில் 'யோஃஸ்' என்றால் எழுது. அதன் வினையெச்சம் 'யோஃஸிப்', எழுதி. இனி துணைவினைகளைச் சேர்த்துப் பாருங்கள். 'யோஃஸிப் கோர்', எழுதிப் பார். 'யோஃஸிப் கோய்', எழுதி வை. 'யோஃஸிப் பெர்', எழுதிக் கொடு. 'ஓலிப் கெல்', எடுத்து வா. 'கோர்' அங்கேயும் 'பார்' என்ற முழுவினைதான், எச்சத்தோடு சேர்ந்தால் முயற்சியைக் குறிக்கிறது. 'கோய்' அங்கேயும் 'வை' என்ற முழுவினைதான், செய்து முடித்துப் பின்னால் பயன்பட விட்டுவைப்பதைக் குறிக்கிறது. துருக்கி மொழியில் இந்த அமைப்பு சில வினைகளோடு சுருங்கிவிட்டது. உஸ்பெக், கசாக், கிர்கிஸ், உய்கூர் மொழிகளில் அது பேச்சின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. எந்தத் துணைவினை எந்த நுட்பத்தைச் சேர்க்கிறது என்று ஐரோப்பிய ஆய்வாளர் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கும். தமிழர் காதில் அது உடனே பிடிபடும். எங்கே பிடிபடவில்லையோ அங்கேதான் ஆய்வுக் கேள்வி இருக்கிறது.

கசாக்கில் நிகழ்வு தொடர்வதைச் சொல்ல நான்கு துணைவினைகள் உண்டு: 'ஒதிர்' (உட்கார்), 'துர்' (நில்), 'ஜதிர்' (கிட), 'ஜுர்' (நட). எழுதிக்கொண்டிருப்பவர் உட்கார்ந்து எழுதுகிறாரா, நாள்கணக்கில் எழுதிவருகிறாரா என்பதெல்லாம் தேர்வைப் பாதிக்கும். எந்த இடத்தில் உடலின் நிலை முக்கியம், எந்த இடத்தில் அது தேய்ந்து வெறும் காலக்குறியாகிவிட்டது என்ற எல்லை இன்னும் தெளிவாக வரையப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். இன்னொன்று: உஸ்பெக்கில் ஊகத்தைச் சொல்லும் 'கெலிப்தி' என்ற வடிவம், 'கெலிப்' என்ற எச்சத்தோடு 'நில்' என்ற வினை சேர்ந்து தேய்ந்ததால் வந்தது. நம் 'வந்திருக்கு' என்பதும் எச்சத்தோடு ஒரு நிலைவினை சேர்ந்து, ஊகப் பொருளையும் ஏற்றது. ஒரே பாதையில் இரண்டு குடும்பங்கள் தனித்தனியே நடந்திருக்கின்றன.

காலின் மசிகா 1976 இல் தெற்காசியாவை ஒரு மொழிப்பகுதியாக வரையறுக்க முயன்றபோது, எச்சமும் துணைவினையும் சேரும் இந்தக் கூறு இமயத்தோடு நிற்காமல் மத்திய ஆசியாவுக்குள்ளும் போகிறது என்று வரைபடமாகக் காட்டினார். அந்த வரைபடத்தின் வடபகுதியைத் தெற்கிலிருந்து போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

உஸ்பெக்குக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. துருக்கியத்தின் அடையாளமே உயிரொலி இயைபு: சொல்லின் முதல் உயிர் முன்னுயிராக (இ, எ போல நாக்கின் முன்பகுதியில் ஒலிப்பது) இருந்தால் விகுதியின் உயிரும் முன்னுயிராக மாறும். மேலே கண்ட 'லெர்', 'தென்' இரண்டும் அப்படி வந்தவை, பின்னுயிர்ச் சொல்லில் அவை 'லர்', 'தன்' ஆகும். தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா நகர வழக்குகள் பல நூற்றாண்டு தாஜிக்–பாரசீக உறவில் இந்த இயைபை இழந்தன. 1929 இல் உருவான இலத்தீன் எழுத்தில் இயைபுள்ள வழக்குகளை ஒட்டி 9 உயிரெழுத்துகள் வைத்தார்கள். 1934 இல் அவை 6 ஆகக் குறைந்தன, நகர வழக்கே தரமொழியானது. இந்த வழக்குகளைக் களத்தில் ஆராய்ந்த யெவ்கெனி பொலிவனோவ் 1938 இல் ஸ்டாலின் அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1926 இல் பாக்கூவில் கூடிய துருக்கியவியல் மாநாட்டில் இலத்தீன் எழுத்துக்காக வாதாடிய கிரிமியத் தாத்தார் அறிஞர் பெகிர் சோபன்சாதே 1937 இல் கொல்லப்பட்டார். துருக்கியவியலில் 1930களின் இறுதியில் ஒரு தலைமுறையே அறுந்துபோனது. அந்த வெற்றிடம் நூலடுக்கில் இன்றும் தெரிகிறது.

மறைந்த செலவு எழுத்துதான். நூறாண்டு உஸ்பெக் பத்திரிகைகளைப் படிக்க அரபு எழுத்து, 1929க்குப் பிறகான இலத்தீன், 1940க்குப் பிறகான சிரிலிக் (ரஷ்ய எழுத்து), 1993க்குப் பிறகான புதிய இலத்தீன் என நான்கும் தெரிய வேண்டும். இன்றைய இலத்தீனில் இரண்டு எழுத்துகளின் தலையில் ஒரு மேற்கோள் குறி வரும். அதை ஆளுக்கொரு விசையில் தட்டுகிறார்கள், கணினிக்கு அவை நான்கைந்து வெவ்வேறு குறிகள். இவற்றை ஒரே ஒருங்குறிக் குறியாக்காமல் எண்ணினால் ஒரே சொல் பல சொல்லாகும். கசாக்கில் 2017 இல் இலத்தீனுக்கு மாறும் முடிவு அறிவிக்கப்பட்டு, வரைவுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அன்றாட எழுத்து இன்னும் சிரிலிக்தான். எனவே சிரிலிக்கும், கூடவே ரஷ்யனும் தப்பாது. ஆனால் ரஷ்யனைக் கற்றால் உஸ்பெக்கோடு சேர்த்துக் குடும்பத்தின் பாதி உங்களுக்குத் திறந்துவிடும். அஸ்தானாவில் ஆங்கில வழியில் நடக்கும் நசர்பாயெவ் பல்கலைக்கழகம் இருப்பதால் கசாக்கின் களம் சற்று எளிது.

## சகதாய்

இந்தியாவில் இருந்துகொண்டே செய்யக்கூடியது, ஆனால் நம்மில் பலருக்கு நினைவுக்கே வராதது இது. உஸ்பெக், உய்கூர் மொழிகளின் இலக்கிய முன்னோடி. பாபர் தன் வரலாற்றை எழுதியது இந்த மொழியில்தான். ஆன்னட் பெவரிஜ் 1905 இல் நிழற்பதிப்பாக வெளியிட்ட பிரதி, ஹைதராபாத்தில் சாலார் ஜங்கின் நூலகத்தில் இருந்தது. பாபரின் துருக்கியக் கவிதைச் சுவடி, அவரே கைப்பட எழுதிய வரிகளோடு, உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் ரஜா நூலகத்தில் உள்ளது. டெனிசன் ராஸ் அதை 1910 இல் நிழற்படங்களோடு அச்சேற்றினார். சென்னையிலிருந்து ஹைதராபாத் ஓர் இரவு ரயில் பயணம். தாஷ்கண்ட் போகாமலே மூலத்தைத் தொட முடிகிற வாய்ப்பு வேறு எந்தத் துருக்கிய மொழியிலும் நமக்கு இல்லை.

வாசல் மொழி பாரசீகம். அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீகம், உருதுத் துறையில் கற்கலாம். மதரஸாவில் அரபு எழுத்து படித்தவருக்கோ வீட்டில் அரபுத்தமிழ் நூல்களைப் புரட்டியவருக்கோ முதல் ஆறு மாதம் மிச்சம். யானோஸ் எக்மன் 1966 இல் ஆங்கிலத்தில் எழுதிய கையேடு தொடக்கத்துக்கு நல்ல துணை.

செலவும் உண்டு. எழுத்தில் உயிரொலிகள் சரிவரத் தெரியாததால் ஒலியியல் கேள்விகளுக்கு இது உதவாது. பாரசீக நடையின் மொழிபெயர்ப்பு போன்ற வாக்கியங்களையும் உண்மையான பேச்சு அமைப்பையும் பிரித்தறியப் பொறுமை வேண்டும். இந்தியாவில் இத்துறைக்கு நெறியாளர் கிடைப்பது கடினம், வரலாற்றுத் துறையிலோ பாரசீகத் துறையிலோ இணை நெறியாளர் தேட வேண்டியிருக்கும். பதிப்பு வேலையில் ஈடுபாடு உள்ளவர்கள் இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

## பழந்துருக்கியம்

மங்கோலியாவில் ஒர்கோன் ஆற்றுச் சமவெளியில் 732 இல் குல் திகின் என்ற இளவரசனுக்கும், 735 இல் அவன் அண்ணன் பில்கே ககானுக்கும் நிறுத்திய கற்களில் இருக்கிறது இந்த மொழி. ரஷ்ய ஆய்வாளர் யாத்ரின்ட்செவ் 1889 இல் இவற்றை உலகறியச் செய்தார். டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன் 1893 இல் எழுத்தைப் படித்துக் காட்டினார்.

அந்த எழுத்து முறையே ஒரு பாடம். பல மெய்யொலிகளுக்கு இரண்டிரண்டு எழுத்துகள்: ஒன்று முன்னுயிரோடு வருவதற்கு, மற்றொன்று பின்னுயிரோடு வருவதற்கு. உயிரொலி இயைபை மெய்யெழுத்திலேயே பதித்துவிட்டார்கள். அதே சமயம் ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே குறிதான். எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு இல்லாத ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்கள், எழுத்து சொல்லாததை யாப்பும் சூழலும் கொண்டு நிரப்பும் அந்தப் பயிற்சியை இங்கே கொண்டுவரலாம்.

கல்வெட்டுகள் சில நூறு வரிகள்தான். பெரிய சேமிப்பு, 1902 முதல் 1914 வரை ஜெர்மானியர் தூர்ஃபானிலிருந்து பெர்லினுக்குக் கொண்டுபோன உய்கூர்ச் சுவடிகள். பெரும்பகுதி பௌத்தம். சீனத்திலிருந்தும் தொகாரியம் என்ற பழைய மத்திய ஆசிய மொழியிலிருந்தும் பெயர்த்தவை, சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்தவை. சமஸ்கிருதமோ பாலியோ தெரிந்த தமிழ் மாணவருக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கிளாசனின் 1972 சொற்பிறப்பு அகராதியும் எர்தாலின் 2004 இலக்கணமும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் பதிப்புகளும் குறிப்புகளும் பெரும்பாலும் ஜெர்மனில். தரவு இனி பெருகாது, பேசுபவரிடம் கேட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை.

## சுவாஷ்

ஒலி வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிடச் சுவையான மொழி குடும்பத்தில் இல்லை. வோல்கா நதிக்கரையில் பேசப்படுகிறது. மற்ற எல்லாத் துருக்கிய மொழிகளிலிருந்தும் முதலில் பிரிந்த கிளையில் இது ஒன்றுதான் இன்று உயிரோடு இருக்கிறது. மற்ற மொழிகளில் 'ஃஸ்' வரும் இடத்தில் இங்கே 'ர்' வரும், 'ஷ்' வரும் இடத்தில் 'ல்' வரும். பெண்பிள்ளை துருக்கி மொழியில் 'கிஃஸ்', சுவாஷில் 'ஹெர்'. ஒன்பது 'தொகுஃஸ்', சுவாஷில் 'தஹ்ஹர்'. குளிர்காலம் 'கிஷ்', சுவாஷில் 'ஹெல்'. கல் 'தாஷ்', சுவாஷில் 'ச்சுல்'. எது மூலம், எது மாற்றம் என்ற விவாதம் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது.

இதற்கு ஹங்கேரியிலிருந்து சாட்சி வருகிறது. எருதுக்குத் துருக்கி மொழியில் 'ஒகூஃஸ்', சுவாஷில் 'வகர்', ஹங்கேரியனில் 'ஒகொர்'. ஹங்கேரியர் இன்றைய தாயகத்துக்கு வரும் முன்பே சுவாஷின் முன்னோர் மொழியோடு பழகி இச்சொற்களை வாங்கினார்கள் என்பதற்கு அந்த 'ர்' சான்று. அதனால்தான் ஹங்கேரியின் செகெத் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் வலுவாக இருக்கிறது. ஹங்கேரி அரசின் உதவித்தொகைக்கு இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்க முடியும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

குடும்பம் முழுவதும் கிளைபிரிந்த விதத்தைக் 'கால்' என்ற ஒரே சொல்லில் காணலாம். பழந்துருக்கியத்தில் 'அதக்'. துருக்கி மொழியில் 'அயக்'. சைபீரியாவின் ஹகாஸ் மொழியில் 'அஃஸஹ்'. சகாவில் 'அத்தஹ்'. ஈரானின் கலஜ் மொழியில் 'ஹதக்'. சுவாஷில் 'உரா'. நடுமெய் என்ன ஆனது என்பதைக் கொண்டே மொழிகளை வகைப்படுத்துகிறார்கள்.

செலவு கூடுதல்தான். அஷ்மரினின் 17 தொகுதி அகராதி முதல் இலக்கணங்கள் வரை ரஷ்யன் இல்லாமல் நகர முடியாது. 2022 மார்ச் முதல் வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது, களப்பணி நிதியை எப்படிக் கொண்டுபோவது என்பதே தனித் திட்டம். பேசுபவர் எண்ணிக்கையும் சரிகிறது: 2010 கணக்கெடுப்பில் சுமார் 10 லட்சம், அடுத்த கணக்கெடுப்பில் சுமார் 7 லட்சம். 2018 சட்டத்திருத்தம் குடியரசுகளின் மொழிகளைப் பள்ளியில் விருப்பப் பாடமாக்கியது. கிராமங்களில் மூத்தவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய அவசரம் இருக்கிறது.

## சகா

யாகுட் என்றும் சொல்வார்கள். சுமார் 4.5 லட்சம் பேர், லேனா நதிப் பகுதியில். இதன் முதல் பெரும் இலக்கணத்தை 1851 இல் எழுதியவர் ஓட்டோ போட்லிங்க். பாணினியைப் பதிப்பித்து பீட்டர்ஸ்பர்க் சமஸ்கிருத அகராதியைத் தொகுத்த அதே போட்லிங்க்தான். அவர் சைபீரியாவுக்குப் போகவேயில்லை. அங்கே வளர்ந்து சகா மொழியைச் சரளமாகப் பேசிய உவரோவ்ஸ்கி என்பவரைப் பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார வைத்து, அவர் எழுதித் தந்த நினைவுக் குறிப்புகளிலிருந்து இலக்கணம் கண்டார்.

நமக்கு இதில் கவர்ச்சி, குறிலும் நெடிலும். துருக்கி மொழி இழந்த பழைய நெடில்களை சகா, துருக்மேன், கலஜ் மூன்றும் காத்து வைத்திருக்கின்றன. 'அத்' குதிரை, 'ஆத்' பெயர். சகாவில் 'ஒத்' புல், 'உவோத்' நெருப்பு. இங்கே பழைய நெடில் ஈருயிராகிவிட்டது. மங்கோலிய, எவெங்கிக் கலப்பும் கனமாக இருப்பதால் மொழித்தொடர்பு ஆய்வுக்கும் ஏற்றது. தூரமும் குளிரும் செலவும் தாங்க முடிந்தால் மட்டும்.

## களம் மூடியிருந்தால்

உய்கூரைத் தனிப் பிரிவாக வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. உய்கூர் மக்கள் வாழும், வடமேற்குச் சீனாவின் சின்ஜியாங்கில் நாட்டார் வழக்குகளை ஆராய்ந்த ராஹிலே தாவுத் 2017 இறுதியில் காணாமல்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட செய்தி 2023 இல் உறுதியானது. தகவல் தருபவருக்கு ஆபத்து வரும் இடத்தில் ஆய்வாளர் கால் வைக்கக் கூடாது, தரவு எவ்வளவு அரியதாக இருந்தாலும். ஆனால் புலம்பெயர்ந்தவர்களிடம் வேலை செய்யலாம். சுவீடனின் குன்னார் யாரிங் 1935 இல் சின்ஜியாங்கிற்குள் போக வழியில்லாமல், ஸ்ரீநகரில் வந்து தங்கியிருந்த வணிகர்களிடம் உய்கூர்க் கதைகளைச் சேகரித்தார். 1957 இல் காஷ்மீர் குறித்து ஐ.நா.வுக்கு அறிக்கை தந்த யாரிங் இவரே.

## குடும்ப உறவு என்ற ஆசை

தமிழும் துருக்கியமும் ஒரே மூலமா என்ற தலைப்பை எடுக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், குறைந்தது முதல் ஆய்வாக வேண்டாம். கால்டுவெல் 1856 இல் திராவிடத்தைச் 'சித்திய' மொழிகளோடு இணைக்க முயன்றார். அதற்குப் பிறகு திராவிடவியல் வளர்ந்தது அந்த இணைப்பால் அல்ல, பர்ரோவும் எமனோவும் போன்றோர் குடும்பத்துக்குள்ளேயே ஒலி ஒப்புமைகளை உறுதியாகக் கட்டியதால். துருக்கியத்தை மங்கோலிய, துங்கூசிய மொழிகளோடு சேர்க்கும் ஆல்தாயிக் கொள்கையே 1956 இல் கிளாசன் எதிர்த்ததிலிருந்து இன்றுவரை தீராமல் இருக்கிறது. ஒட்டுநிலையும் வினை கடைசியில் வருவதும் உறவுக்குச் சான்றாகா, ஜப்பானியமும் அப்படித்தான். மேலே காட்டிய 'எழுதிப் பார்', 'எழுதி வை' ஒற்றுமையும் அவ்வாறே. அது இரத்த உறவைக் காட்டாமலேயே மனித மொழி எப்படி இலக்கணம் ஆக்குகிறது என்பதைக் காட்டுகிறது. எனக்கு அது போதுமான வியப்பு.

## யாருக்கு எது

எம்.ஏ. ஆய்வேடு, ஓராண்டு, ஆங்கிலம் மட்டும் என்றால் துருக்கி மொழி. கணினி மொழியியலில் வேலை தேட நினைப்பவருக்கும் அதுவே. ஆனால் பயிற்சித் தரவு குறைந்த மொழிகளில் ஆர்வம் என்றால் கசாக்கைப் பாருங்கள். பல மொழிகளுக்குப் பொதுவான யுனிவர்சல் டிபென்டன்சீஸ் தொகுப்பில், அதன் மரவங்கியில் (வாக்கிய அமைப்பைக் குறித்துவைத்த தரவு) ஏறத்தாழ ஆயிரம் வாக்கியங்களே உள்ளன. ஒருவர் சேர்க்கும் சில நூறு வாக்கியங்களும் அங்கே கணக்கில் வரும்.

பிஎச்.டி.க்கு நான்கைந்து ஆண்டு உண்டு, ரஷ்யன் கற்கத் தயார், தமிழ் இலக்கண அறிவை முழுமையாகப் பயன்படுத்த விருப்பம் என்றால் உஸ்பெக் அல்லது கசாக். முதல் ஆண்டில் துருக்கி மொழியை ஆங்கில நூல்களின் துணையோடு கற்று, கூடவே ரஷ்யனைத் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் மாறுங்கள். ரஷ்யன் பிடித்துப்போய் ஒலி மாற்றமே உங்கள் கேள்வி என்று தெளிந்தால், அங்கிருந்து சுவாஷுக்குப் போகும் வழி நேர்வழி. ஜெர்மனும் சமஸ்கிருதமும் ஏற்கெனவே கையில் இருப்பவர் பழந்துருக்கியத்தை விட்டுவிட வேண்டாம்.

வெளிநாடு போக முடியாத குடும்பச் சூழல் உள்ளவர்கள் சகதாயை எடுங்கள். இந்த விடுமுறையில் பாரசீக அரிச்சுவடியைத் தொடங்கிவிட்டு, ராம்பூர் நூலகத்துக்கு நெறியாளரின் கடிதத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதிப் போடுங்கள். சுவடியைப் பார்க்க அனுமதி வரும் வரை, 1910 நிழற்படப் பதிப்பில் வினையெச்சம் வரும் இடங்களை எல்லாம் குறித்துக்கொண்டே வரலாம்.